துப்பாக்கி வழக்கில் கைகொடுத்த இலவச அறிவிப்புச் சேவை

எங்கள் கடையில் துப்பாக்கி முனையில் நடந்த கொள்ளை, ஒரு கும்பல் மீதான ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) வழக்கில் சேர்ந்தது. அதன்பின் அமெரிக்க நீதித்துறையின் பாதிக்கப்பட்டோர் அறிவிப்புச் சேவையில் எங்களைப் பதிந்தார்கள். கட்டணமே இல்லை. அடையாள எண், ரகசிய எண் போட்டால் விசாரணைத் தேதி, தண்டனை, பிற்பாடு கைதியின் விடுதலைத் தேதிவரை பார்க்கலாம். தேதி தள்ளிப்போனால் மின்னஞ்சல் வந்துவிடும். வீண் அலைச்சல் மிச்சம். தண்டனை விசாரணையில் நாமும் பேசலாம், அது குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைகளுக்கான 2004 சட்டம் தந்த உரிமை. அம்மா பேசினார். நீதிபதி முழுதாகக் கேட்டார், அதை மறக்கவே மாட்டேன். கொள்ளையில் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியதற்கு மட்டும் குறைந்தது 7 ஆண்டு, கொள்ளைக்கான தண்டனை அப்புறம் தனி. ஃபெடரல் சிறையில் பரோலும் (தண்டனை முடியுமுன் நிபந்தனையோடு விடுதலை) இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் தயங்காமல் பயன்படுத்துங்கள். மின்னஞ்சல் முகவரி மாறினால் உடனே திருத்திவிடுங்கள்.