எக்ஸ்ப்ளோரர், நாட்டிலஸ், டால்ஃபின்: கிட் நிலையைக் காட்ட எதில் எழுதுவது?

நாகர்கோவிலில் ஐந்து பேர் டீம் ஒன்று தோவாளைப் பூச்சந்தைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறது என்று வையுங்கள். ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க கிட் (git) என்ற கருவி. பில் வடிவமைப்பவருக்கு கமாண்ட் லைன் ஒத்துவராது. ஃபோல்டரைத் திறந்ததும் எந்த ஃபைல் மாறியிருக்கிறது என்று ஐகானிலேயே தெரிய வேண்டும். ரைட் கிளிக்கில் கமிட் (மாற்றத்தைப் பதிவது) வர வேண்டும். இதற்கு ஃபைல் மேனேஜருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் எழுத வேண்டும்: விண்டோஸில் எக்ஸ்ப்ளோரர், லினக்ஸில் க்னோமின் நாட்டிலஸ் அல்லது கேடிஇயின் டால்ஃபின்.

இருப்பதிலேயே அதிகம் படுத்துவது விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர். அதில் எக்ஸ்டென்ஷன் ஒரு காம் டிஎல்எல் (COM DLL), அதாவது மற்ற நிரல்கள் தங்களுக்குள் ஏற்றிக்கொள்ளும் நிரல் ஃபைல். எக்ஸ்ப்ளோரர் புராசஸுக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். ஃபைல் ஓப்பன் டயலாக் திறக்கும் மற்ற செயலிகளுக்குள்ளும் ஏறும். நிரலில் ஒரு நல் (null) பாயின்டர் தப்பினால் டாஸ்க்பார் உட்பட எல்லாம் மறைந்து திரும்ப வரும். இப்படிப் பிற புராசஸ்களுக்குள் ஏறுவதால் எழுத ஏற்றது சி++ தான். 32 பிட் செயலியின் டயலாக்கிலும் மெனு வேண்டுமென்றால் 32 பிட் டிஎல்எல் தனியாக வேண்டும். ரீபில்ட் செய்யும்போது டிஎல்எல் பூட்டியிருக்கிறது என்று லிங்கர் மறுக்கும். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்தி, பில்ட் முடித்து, மறுபடி கிளப்ப வேண்டும்.

இதைவிடப் பெரிய தலைவலி ஓவர்லே ஐகான், அதாவது ஃபைல் ஐகானின் மூலையில் நிலையைக் காட்டும் சின்னக் குறி. மொத்தமே 15 இடம். அதில் சிலவற்றை விண்டோஸே பிடித்துக்கொள்கிறது. மீதி, ரெஜிஸ்ட்ரியில் பெயரின் அகரவரிசைப்படி. ஒன்டிரைவும் டிராப்பாக்ஸும் பெயருக்கு முன்னால் ஸ்பேஸ் வைத்து வரிசையில் முந்துகின்றன, பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி. எஸ்விஎன், கிட் இரண்டுக்கும் இருக்கும் எக்ஸ்ப்ளோரர் எக்ஸ்டென்ஷன்களான டார்டாய்ஸ் எஸ்விஎன், டார்டாய்ஸ் கிட் போன்றவை ஒரே ஓவர்லே தொகுப்பைப் பகிர்வதும் இதனால்தான். நிலையைக் கணக்கிடும் வேலையை டார்டாய்ஸ் எஸ்விஎன் ஒரு தனி கேஷ் (cache) புராசஸிடம் விட்டிருக்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். டிஎல்எல் அந்தப் புராசஸிடம் பைப் (pipe) வழியாகக் கேட்டுப் பதிலை வாங்கினால் போதும். விண்டோஸ் 11-ல் பழைய வகை மெனு ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ஒளிந்துகொள்ளும். முதல் மெனுவில் வர ஐஎக்ஸ்ப்ளோரர்கமாண்ட் (IExplorerCommand) என்ற இன்டர்ஃபேஸ், கூடவே பேக்கேஜ் அடையாளம் வேண்டும்.

நாட்டிலஸில் ஒரே மாலையில் ஏதாவது ஓடவைத்துவிடலாம். நாட்டிலஸ்-பைத்தான் நிறுவி, ஹோம் ஃபோல்டரின் எக்ஸ்டென்ஷன் டைரக்டரியில் ஒரு பைத்தான் ஃபைல்: இன்ஃபோ புரொவைடர் எம்பளம் (ஐகான் மேல் சின்னக் குறி) ஒட்டும், மெனு புரொவைடர் மெனு தரும். மாற்றியதும் ‘நாட்டிலஸ் -க்யூ’ கொடுத்துத் திரும்பத் திறக்க வேண்டும். இதுவும் அதே புராசஸில்தான் ஓடுகிறது. ஃபைலுக்கு ஒரு கிட் ஸ்டேட்டஸ் ஓட்டினால் 800 ஃபைல் உள்ள ஃபோல்டரில் ஜன்னல் உறைந்துபோகும். ரெப்போவுக்கு (கிட் கண்காணிக்கும் ஃபோல்டர் முழுதுக்கும்) ஒரே தடவை ஓட்டி டிக்‌ஷனரியில் வையுங்கள். 43-ஆம் பதிப்பில் திரை வரையும் நூலகமான ஜிடிகே 4-க்கு மாறியபோது மெனு ஃபங்ஷனின் விண்டோ ஆர்க்யுமென்ட் போய்விட்டது. பழைய உதாரணங்கள் அப்படியே ஓடாது.

வடிவமைப்பில் டால்ஃபின்தான் ஒழுங்கு. வெர்ஷன் கன்ட்ரோலுக்கென்றே ஒரு பிளக்இன் கிளாஸ் உண்டு. எந்த மறைந்த ஃபோல்டரைத் தேடுவது (கிட்டுக்கு .git) என்று சொல்லிவிட்டால், நிலையை டால்ஃபினே தனித் திரெட்டில் கேட்டுக்கொள்ளும். பிகின்-ரிட்ரீவலில் ஒரு தடவை எல்லாம் படி, ஐட்டம்-வெர்ஷனில் திருப்பிக் கொடு, அவ்வளவுதான். ஆனால் சி++, க்யூட்டி (Qt) நூலகம் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

டீம் முழுக்க விண்டோஸ் என்றால் ஓவர்லேயை விட்டுவிட்டு மெனு மட்டும் எழுதுங்கள். ஐகானுக்கு டார்டாய்ஸ் கிட் போதும்.

மூன்றுக்கும் பொதுவான கோளாறு இரண்டு. ‘தோவாளை’ என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் கிட் ஸ்டேட்டஸ் அதை "\340\256\244\340\257\213..." என்று காட்டும், ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8-ல் மூன்று பைட். அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது, ஐகானும் வராது. ஸ்டேட்டஸுக்கு ‘போர்சலின்’ (--porcelain) உடன் ‘-இஸட்’ (-z) கொடுத்தால் பெயர் அப்படியே வரும், நல் (null) பைட்டில் பிரிக்கலாம். மற்றது பூட்டு. பின்னணியில் ஓடும் ஸ்டேட்டஸ், கிட்டின் உள் பட்டியலான இண்டெக்ஸைப் பூட்டும் அதே நொடியில் யாராவது கமிட் அடித்தால் அது தோற்கும். கிட் 2.15 முதல் இருக்கும் ‘நோ-ஆப்ஷனல்-லாக்ஸ்’ (--no-optional-locks) ஐ, ஸ்டேட்டஸ் என்ற சொல்லுக்கு முன்னால், கிட்டை ஒட்டியே போட வேண்டும்.