சிரோசிஸ் இருக்கறவங்களுக்கு நைட்டு படுக்கறதுக்கு முன்னாடி எது: கஞ்சியா, முட்டையா, பால்-பொட்டுக்கடலையா, பவுடரா?

லிவர் சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பேறி இறுகிப்போச்சுன்னு டாக்டர் சொன்ன உடனே நம்ம வீடுகள்ல பத்தியம் ஆரம்பிச்சிடும். முட்டை கட், மீன் கட், பருப்பு செரிக்காதுன்னு அதுவும் கட், கடைசில மிஞ்சறது ரசம் சாதமும் கஞ்சியும்தான். எங்க சித்தப்பாவுக்கும் இதே கதைதான், வயித்துல நீர் கட்டி பெருசா இருக்கு ஆனா தோள்பட்டை எலும்பு துருத்திட்டு நிக்குது, வெயிட் மெஷின்ல ஏத்தினா குறையவே இல்லன்னு காட்டுது, உள்ள இருக்கறது பூரா தண்ணி.

விஷயம் என்னன்னா நல்ல லிவர் சர்க்கரைய சேத்து வெச்சு நைட்டு பூரா கொஞ்சம் கொஞ்சமா விடும், சிரோசிஸ் லிவரால அப்படி சேத்து வெக்க முடியாது. அதனால ஒரு ராத்திரி சாப்பிடாம தூங்கறதே நல்லா இருக்கறவங்க ரெண்டு மூணு நாள் பட்டினி கிடக்கற மாதிரி, உடம்பு சதைய கரைச்சு எடுத்துக்கும். அதான் படுக்கறதுக்கு முன்னாடி குறைஞ்சது 50 கிராம் மாவுச்சத்து, நாள் முழுக்க கிலோவுக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் புரோட்டீன்னு சொல்றாங்க. நீர் இல்லாத வெயிட் 60 கிலோன்னா 72லருந்து 90 கிராம்.

கஞ்சி: குமட்டல் இருந்தாலும் இறங்கும், அதுக்கு ஃபுல் மார்க். ஆனா தண்ணியா ஒரு டம்ளர் கஞ்சில புரோட்டீன் ரெண்டு மூணு கிராம் தேறினா பெருசு, அதுக்கு தொட்டுக்க ஊறுகாயும் அப்பளமும் வெச்சா உப்பு எகிறிடும், நீர் கட்டினவங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான். பாசிப்பருப்பு போட்டு கெட்டியா காய்ச்சினா ஓகே. சித்தி ஒரு நாள் "இந்துப்பு போட்டா பரவால்லல்ல தம்பி?"ன்னு கேட்டாங்க, அதுவும் அதே சோடியம்தான் சித்தி. லோ சோடியம் சால்ட் இன்னும் மோசம், அதுல பொட்டாசியம் இருக்கு, நீர் பிரிய குடுக்கற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை போடறவங்களுக்கு அது ஆபத்து.

முட்டை: ஒண்ணுல 6 கிராம், விலையும் கம்மி. புரோட்டீன் சாப்பிட்டா மூளை குழம்பிடும்ங்கற பயம் பழசு, 2004ல பார்சிலோனால சிரோசிஸால வந்த மூளைக் குழப்பத்தோட அட்மிட் ஆனவங்களுக்கே புரோட்டீன குறைச்சும் குறைக்காமலும் குடுத்து பாத்தாங்க, குறைச்சதுல ஒரு லாபமும் இல்ல. ஆனா குழப்பம் வந்து போறவங்களுக்கு பால், தயிர், பருப்பு வகைதான் இன்னும் நல்லா ஒத்துக்கும், நார்ச்சத்தால மோஷனும் ஃப்ரீயா போகும். அதோட முட்டைல மாவுச்சத்து கிடையாது, காலைல வெச்சுக்கலாம்.

பால்-பொட்டுக்கடலை: என் ஓட்டு இதுக்குத்தான். 200 மில்லி பால்ல 6 கிராம், 30 கிராம் பொட்டுக்கடலைய மிக்சில பொடிச்சு கலந்தா இன்னொரு 6, கூட ரெண்டு இட்லி வெச்சா மாவுச்சத்தும் 50 கிட்ட வந்துடும். பல்லு இல்லாதவங்களும் குடிச்சிடலாம். சுகர் இருந்தா வெல்லம் சர்க்கரை வேணாம், அளவ டயட்டீஷியன்கிட்ட கேட்டுக்கோங்க.

பவுடர்: பிசிஏஏ (புரோட்டீன்ல இருக்கற சில குறிப்பிட்ட அமினோ அமிலங்கள்) சாஷே டாக்டர் எழுதி குடுத்தா வாங்குங்க, சாதா புரோட்டீன் ஒத்துக்காதவங்களுக்கு உதவும், ஆனா விலை ஜாஸ்தி, டேஸ்ட் கசப்பு. ஜிம் கடை டப்பா பக்கம் போகவே வேணாம், 2024ல வந்த கேரளா டாக்டர்களோட ஆய்வுல 36 பிராண்ட சோதிச்சதுல முக்கால்வாசி கிட்ட லேபிள்ல போட்ட புரோட்டீன் அளவே சரியில்ல, சிலதுல லிவருக்கே ஆகாத மூலிகை சாறு வேற.

எது குடுத்தாலும் டைம் முக்கியம், 7 மணிக்கு டின்னர் முடிச்சிட்டு காலைல 8 வரைக்கும் விட்டுட்டா பிரயோஜனம் இல்ல, 10 மணி வாக்குல படுக்கப்போகும்போது குடுங்க. எண்டோஸ்கோபி, ஸ்கேன்னு வெறும் வயித்தோட வரச்சொன்னா காலைல முதல் ஸ்லாட்ட கேட்டு வாங்கிடுங்க, டோக்கன் போட்டு மதியம் வரைக்கும் பட்டினியா உக்கார வெச்சிடுவாங்க.