குன்னூர் குளிருக்கு இன்ஸ்டன்ட் கீசர் வாங்கி நான் பட்ட பாடு

சென்னையில் இருந்தவரை 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. போன நவம்பரில் குன்னூருக்குக் குடிவந்ததும் அதையே கேட்டுக் கடைக்குப் போனேன். "இந்தக் குளிருக்கு இது தாங்குமாண்ணே?" என்று கேட்கவும் செய்தேன். "3 லிட்டர்னு போட்டிருக்கு பாருங்க சார், நிமிஷத்துக்கு 3 லிட்டர் கொதிக்கக் கொதிக்க வரும்" என்றார் கடைக்காரர்.

பச்சைப் பொய். 3 லிட்டர் என்பது உள்ளே இருக்கும் குட்டித் தொட்டியின் அளவு. டிசம்பரில் குழாயைத் திறந்தால் முதல் இரண்டு சொம்பு கொதிக்கும், அப்புறம் வெதுவெதுப்பு, அப்புறம் பச்சைத் தண்ணீர்தான்.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் 3 கிலோவாட் கம்பிச்சுருள் (காயில்) ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை 43 டிகிரி சூடேற்றும். சென்னையில் 27 டிகிரியில் வரும் தண்ணீரை 40க்குக் கொண்டுவர 13 டிகிரி போதும். நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்கு மேலேயே கிடைத்துவிடும். இங்கே ஜனவரி விடியலில் குழாயடியில் தெர்மாமீட்டரைப் பிடித்தேன்: 11 டிகிரி. 29 டிகிரி ஏற்ற வேண்டும். 43ஐ 29ஆல் வகுத்தால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். பதினைந்து லிட்டர் வாளி நிறையப் பத்து நிமிடம்! காலையில் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் அந்த 3 கிலோவாட்டும் இரண்டேகாலாகச் சுருங்கிவிடும். வாளி நிறைவதற்குள் முதலில் விழுந்த தண்ணீர் ஆறிப்போகும். ஷவர் பேச்சே எடுக்க வேண்டாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் வேண்டுமென்றால் 12 கிலோவாட் காயில் வேண்டும், அது 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எங்கள் சிங்கிள் ஃபேஸ் லைன் அதைத் தாங்காது.

பொருத்த வந்த பையன் வேறு, 13 ஆம்பியர் இழுக்கும் கீசரைச் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் பிளக் உருகி வீடெல்லாம் நாற்றம்.

கடையில் போய்க் கேட்டால், "மாட்டின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்." கூடவே ஒரு யோசனை: கேஸ் கீசர் வாங்கி குளியலறைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளலாமாம். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைக்கும் ஊர் இது. மூடிய அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு வாசனையும் கிடையாது. குளிக்கப் போனவர்கள் பிணமாகக் கிடந்த செய்திகளை அவர் படித்ததே இல்லையா?

கடைசியில் வேறு கடையில் 25 லிட்டர் டேங்க் கீசர் வாங்கினோம். முக்கால் மணி நேரம் முன்பே போட்டுவைக்க வேண்டும், சரி. ஆனால் 60 டிகிரிக்குச் சுட்டதும் விளாவினால் 40 லிட்டர் தேறுகிறது, இரண்டு பேர் குளிக்கலாம்.

உங்கள் கடைக்காரரிடம், எத்தனை டிகிரி தண்ணீரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய கீசர் இப்போது 16 ஆம்பியர் பிளக்கில் சமையலறைத் தொட்டிக்கு மேலே தொங்குகிறது. பாத்திரம் கழுவ அது போதும்.