லேப்டாப் ஹீட் பிரச்சனைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் கடை, என் அனுபவம்

மூணு வருஷமா யூஸ் பண்ற கேமிங் லேப்டாப். ஏப்ரல் வெயில் ஆரம்பிச்சதுல இருந்து ஜிடிஏ 5 கேம் போட்டு பத்து நிமிஷம் நல்லா போகும், திடீர்னு எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு ஸ்க்ரீன்ல எத்தனை ஃப்ரேம் வருதுங்கற கணக்கு) 70ல இருந்து 20க்கு விழும், டபிள்யூ கீ மேல விரல் வைக்க முடியாத சூடு. கிராபிக்ஸ் சிப்போட சூடு, ஸ்பீடெல்லாம் காட்டற ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல பாத்தா சிப் 87 டிகிரில நிக்குது, அதுக்கு மேல ஏறாம இருக்க சிப்பே ஸ்பீட கொறச்சுக்குது, 1600 மெகாஹெர்ட்ஸ்ல ஓடினது 600க்கு வந்துடுது.

மொதல்ல 1400 ரூபாய்க்கு கூலிங் பேட் வாங்கினேன், ரெண்டு டிகிரிதான் கொறஞ்சுது. அப்புறம் ஒரு சர்வீஸ் சென்டர் போனா தொறந்துகூட பாக்காம போர்டு மாத்தணும், 28 ஆயிரம்னுட்டாங்க. வீட்ல போய் கேக்கற காசா அது, ரொம்ப நொந்துட்டேன்.

ஃப்ரெண்டு சொல்லித்தான் சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். நரசிங்கபுரம் தெரு பக்கம் மாடில ஒரே டேபிள் போட்ட சின்ன கடை. கடைக்கார அண்ணன் காத்து வர்ற ஓட்டைல கைய வச்சு பாத்துட்டு, "ஃபேன் சுத்துது தம்பி, காத்து வெளிய போகத்தான் வழி இல்ல"ன்னார். பக்கத்துலயே உக்காந்து பாக்க விட்டார், எனக்கு அதுவே பெரிய விஷயம். ஃபேன கழட்டினா, ஃபேனுக்கும் அந்த தகடு தகடா இருக்கற ஹீட்சிங்குக்கும் நடுவுல தூசி கம்பளித் துண்டு மாதிரி படிஞ்சிருக்கு, ட்வீசர்ல இழுத்தா முழுசா ஒரே பட்டையா வருது! வெளிய இருந்து ப்ளோயர் அடிச்சா இது வரவே வராது, உள்ளயே இன்னும் இறுகிடும்னார். சிப் சூட்ட ஹீட்சிங்குக்கு கடத்த சிப் மேல தடவியிருந்த பேஸ்ட் ஓரமெல்லாம் ஒதுங்கி காஞ்ச சுண்ணாம்பு மாதிரி உதிருது, நடுவுல ஒண்ணுமே இல்ல. சூடாகி ஆறி சூடாகி ஆறி இப்படித்தான் ஓரத்துக்கு தள்ளிடுமாம், அதனால சாதா பேஸ்ட் வேணாம்னு ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் வெட்டி வச்சார், அது 45 டிகிரி வாக்குல இளகி சிப்போட ஒட்டிக்கும், சீக்கிரம் ஒதுங்காது. ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்துல 1, 2, 3ன்னு நம்பர் போட்டிருக்கும், அந்த ஆர்டர்லயே கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணார்.

மொத்தம் 1200 ரூபா, ரெண்டு மணி நேரம். இப்ப அதே கேம் ஒரு மணி நேரம் ஆடினாலும் 74 டிகிரி தாண்டல. வீட்டுக்கு வந்து ஆஃப்டர்பர்னர்ல கர்வ் எடிட்டர் (எந்த ஸ்பீடுக்கு சிப் எவ்ளோ வோல்டேஜ் எடுக்கணும்னு மாத்தற இடம்) தொறந்து வோல்டேஜையும் கொஞ்சம் கொறச்சு, எஃப்பிஎஸ்ஸ 60ல லாக் பண்ணேன், சூடு 68 டிகிரிக்கு வந்துடுச்சு. கூலிங் பேட தம்பிக்கு குடுத்துட்டேன்.

குறைன்னா பில் தர மாட்டார், கேரண்டி வாய் வார்த்தைதான். உங்க லேப்டாப் வாரண்டில இருந்தா வெளிய தொறக்கறதுக்கு முன்னாடி கம்பெனில கேட்டுக்கோங்க. சனிக்கிழமை மதியம் போனா செம கூட்டம், வார நாள்ல காலைல போங்க. சார்ஜர் மறக்காம எடுத்துட்டு போங்க, பேட்டரில டெஸ்ட் பண்ணா சிப் முழு பவர் எடுக்காது, ஹீட் கொறஞ்சுதா இல்லையான்னே தெரியாது.