“அப்டேட்டில் வரும்” என்று சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்: என் எலெக்ட்ரிக் பைக் அனுபவம்

பதினான்கு மாதங்களுக்கு முன் ஓர் எலெக்ட்ரிக் பைக் வாங்கினேன். ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடலின் மேம்படுத்தப்பட்ட வடிவம் அது. பழைய மாடலைவிட விலை கணிசமாக அதிகம். அந்தக் கூடுதல் பணத்தை நான் கொடுத்தது மூன்று விஷயங்களுக்காக: ஃபாஸ்ட் சார்ஜிங், கார்னரிங் ஏபிஎஸ் (வளைவில் பிரேக் பிடித்தாலும் சக்கரம் வழுக்காமல் காக்க உதவும் அமைப்பு), பெரிய பேட்டரி. இன்று வரை மூன்றில் ஒன்றுகூட சொன்னபடி என் கைக்கு வரவில்லை. நிறுவனத்தோடு புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. அன்று நான் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சார்ஜிங். “20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை அரை மணி நேரத்தில்” என்று விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வண்டியிலும் கார்களில் இருக்கும் அதே மாதிரி சாக்கெட். மேலே ஏழு துளைகள் வீட்டு மின்சாரத்துக்கு, கீழே இரண்டு பெரிய துளைகள் நேர்மின்சாரத்தில் வேகமாக ஏற்றுவதற்கு. ஆனால் கீழே இருந்த இரண்டையும் பிளாஸ்டிக் மூடி அடைத்திருந்தது. ஏன் என்று கேட்டேன். “சார், உள்ள எல்லாமே இருக்கு. மூணு மாசத்துல அப்டேட் வரும், அப்போ திறந்து விட்ருவாங்க” என்றார் விற்பனையாளர். நம்பினேன். போன் இப்படித்தானே புது வசதி பெறுகிறது, பைக்கும் பெறும் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் ஐந்து மாதமானது. அப்டேட் வந்தது, மூடி அப்படியேதான் இருந்தது. பொதுச் சார்ஜிங் நிலையத்தில் 22 கிலோவாட் என்று எழுதிய இடத்தில் செருகினாலும் என் வண்டி 3.3 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கவில்லை. இதன் காரணத்தை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சாதாரண மாறுமின்சாரத்தில் செருகும்போது, அதை பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்றுவது வண்டிக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அது எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் ஏறும். வெளியே இருக்கும் கம்பம் எத்தனை கிலோவாட்டாக இருந்தாலும் பயனில்லை. அரை மணி நேரம் என்று சொன்ன அந்த 60 சதவீதம் ஏற எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது.

ஏழாவது மாதம், எலெக்ட்ரிக் வண்டிகளைப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். சீட்டையும் பக்க மூடியையும் மட்டும் கழற்றினார், சீல் எதையும் உடைக்கவில்லை. (இதை நீங்களே செய்ய வேண்டாம். நூறு வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் ஓடும் இடம் அது, உயிருக்கு ஆபத்து.) சாக்கெட்டின் பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். அந்த இரண்டு பெரிய துளைகளுக்குப் பின்னால் ஒயரே இல்லை. பேட்டரிக்குப் போக வேண்டிய தடித்த கேபிள் இல்லை, அதை இணைக்கவும் துண்டிக்கவும் வேண்டிய கான்டாக்டர் இல்லை. “இது அப்டேட்ல வராதுங்க. செம்புக் கம்பிய எப்படி டவுன்லோட் பண்ணுவாங்க?” என்றார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிகம் வலித்தது. என் பேட்டரி முழுதாக நிரம்பினாலே 117 வோல்ட்தான். கார்களுக்கான ஃபாஸ்ட் சார்ஜர்களில் பெரும்பாலானவற்றின் குறைந்தபட்ச வெளியீடே 150 அல்லது 200 வோல்ட். அதற்குக் கீழே அவை இறங்குவதில்லை. அப்படியென்றால் கேபிள் போட்டுக் கொடுத்தாலும் என் வண்டி அந்த நிலையங்களில் ஏறப்போவதில்லை. ஃபாஸ்ட் சார்ஜிங் வசதியோடு வந்த இத்தாலிய எனர்ஜிகா பைக்குகளின் பேட்டரி 300 வோல்ட்டை ஒட்டியது. வேகமாக ஏற்ற வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்து வடிவமைத்தால் இப்படித்தான் இருக்கும். வடிவமைத்த நாளிலேயே இல்லாத ஒன்றை எனக்கு விற்றிருக்கிறார்கள். இது தாமதம் இல்லை, பொய்.

அடுத்தது பேட்டரி அளவு. விளம்பரத்தில் 10 கிலோவாட் அவர், அதாவது 10 யூனிட். நண்பர் பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படிக்கச் சொன்னார்: வரிசையாக 28 செல்கள், 85 ஆம்பியர் அவர். மொத்த வோல்ட்டை இந்த ஆம்பியர் அவரால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். இந்த வகை லித்தியம் செல் ஒன்று முழுதாக நிரம்பிய நிலையில் 4.2 வோல்ட் இருக்கும், ஆனால் ஓடும்போது சராசரியாக 3.6 வோல்ட்தான். உச்ச அளவை வைத்துப் பெருக்கினால் 117.6 வோல்ட், கிட்டத்தட்ட 10 யூனிட் வருகிறது. சராசரியை வைத்துப் பெருக்கினால் 100.8 வோல்ட், 8.6 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. வண்டியை ஓட்டுவது இரண்டாவது எண்தான். இப்படி உச்ச அளவைப் போடுவது எல்லா இடத்திலும் மோசடி என்று சொல்ல மாட்டேன். எலெக்ட்ரிக் பைக் செய்யும் அமெரிக்காவின் ஜீரோ நிறுவனம் உச்சக் கொள்ளளவு 14.4 யூனிட், சராசரிக் கொள்ளளவு 12.6 யூனிட் என்று இரண்டையும் சேர்த்தே வெளியிட்டிருக்கிறது. அது நேர்மை. எனக்கு ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மறைத்தார்கள். பழைய மாடலுக்குச் சராசரி எண்ணைப் போட்டுவிட்டு, புது மாடலுக்கு உச்ச எண்ணைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய பேட்டரி போலத் தெரியும்.

சரி, இந்த இரண்டும் பணத்தோடும் நேரத்தோடும் போயிற்று. கார்னரிங் ஏபிஎஸ் விஷயத்தில் நான் விழுந்திருக்க வேண்டியவன்.

சாதாரண ஏபிஎஸ் சக்கரத்தின் வேகத்தை மட்டும் பார்க்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால் பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும். நேராகப் போகும்போது இது போதும். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிமானத்தில் பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடும், பிரேக்குக்கு மிச்சம் குறைவு. அதனால் வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு அழுத்தம் பாதுகாப்பானது என்று கணக்கிட முடியும். அதற்குத் தனி சென்சார் வேண்டும். வண்டியின் நகர்வையும் சுழற்சியையும் மூன்று திசைகளிலும் அளப்பது அது. 2013ல் பாஷ் நிறுவனம் கேடிஎம் 1190 அட்வென்ச்சர் பைக்கில் இந்த அமைப்பை முதன்முதலாகக் கொண்டுவந்தபோதும் அந்தச் சென்சார்தான் அதன் அடிப்படை.

என் வண்டிக்கு ஐந்தாவது மாதம் வந்த அப்டேட்டுக்குப் பிறகு டிஸ்ப்ளேயில் வளைவு போல ஒரு சின்னம் புதிதாகத் தெரிந்தது. கார்னரிங் வசதி வந்துவிட்டது என்று சர்வீஸ் சென்டரிலும் சொன்னார்கள். அந்த நம்பிக்கையில், மழை ஓய்ந்த ஒரு மாலையில், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை வழக்கத்தைவிட அழுத்திப் பிடித்தேன். முன்சக்கரம் வழுக்கியது. எதிரே வண்டி வரவில்லை, கால் ஊன்றிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் கை நடுக்கம் நிற்கவில்லை.

நண்பர் உதிரிபாகப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். ஏபிஎஸ் பெட்டிக்கு வருவது இரண்டு சக்கரங்களின் வேகச் சென்சார் ஒயர்கள் மட்டும். சாய்வை அளக்கும் சென்சார் பட்டியலிலேயே இல்லை. வண்டி கீழே விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஒரு சுவிட்ச் மட்டும் இருந்தது. அப்டேட் செய்ததெல்லாம் ஆக்சிலரேட்டரை மென்மையாக்கும் ஒரு ஓட்டுநிலையைச் சேர்த்து, அதற்கு அந்தச் சின்னத்தை வைத்தது. ஃபாஸ்ட் சார்ஜிங் இல்லாவிட்டால் காத்திருக்கலாம். இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொன்னால் ஒருவர் உயிர் போகும். இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

பிரேக் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது ஏமாற்று இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டார்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரியில் மின்சாரம் ஏற்றும் ரீஜென் வசதி, பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது வேலை செய்யாது, அல்லது மிகவும் குறைந்துவிடும். எடுத்து வைக்க இடம் இல்லையே. டெஸ்ட் ரைடு வண்டி பாதி சார்ஜில் இருந்ததால் நன்றாகப் பிடித்தது. மறுவாரம் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்கியபோது பிடிக்கவே இல்லை. புதிதாக ஓட்டுபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

அப்புறம், பதினொன்றாவது மாதம் வந்த அப்டேட். “சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது” என்பது மட்டும்தான் குறிப்பு. அன்றிலிருந்து ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் சில நிமிடங்களில் வண்டி தளர்ந்துவிடுகிறது. ஒரு சார்ஜில் போகும் தூரமும் குறைந்தது. சர்வீஸ் சென்டரில், “நீங்க ஓட்டுற விதம் அப்படி சார்” என்றார்கள்.

நல்லவேளையாக, வாங்கிய முதல் வாரத்தில் ஆப்பில் இருந்த பேட்டரிப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். நூறு சதவீதத்தில் 117.5 வோல்ட் காட்டியது. இப்போது அதே நூறு சதவீதத்தில் 114.8. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றியதை 4.1 வோல்ட்டோடு நிறுத்துகிறார்கள், டிஸ்ப்ளே மட்டும் வழக்கம்போல நூறு என்கிறது. இந்த வகை செல்லில் அந்த 0.1 வோல்ட்டுக்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விடும். செல்லின் ஆயுளுக்கு இது நல்லதுதான். ஆனால் நான் பணம் கொடுத்து வாங்கிய தூரத்தை என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டு அதற்கு மேம்பாடு என்று பெயர் வைப்பதை ஏற்க முடியாது. கார்களில் இது நடந்து வழக்காகவும் ஆகியிருக்கிறது. 2019ல் ஓர் அப்டேட் மூலம் மாடல் எஸ் கார்களின் பேட்டரி வோல்டேஜைக் குறைத்ததற்காக டெஸ்லா 2021ல் 1,743 கார்களின் உரிமையாளர்களுக்கு இழப்பீடு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. என் புகாரில் இதையும் சுட்டிக்காட்டியிருக்கிறேன். பழைய மென்பொருளுக்குத் திரும்பலாமா என்று கேட்டேன். முடியாது என்ற ஒரே பதில்தான் வந்தது.

அப்டேட்டில் வரும் வசதி எல்லாமே ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். 2022 மாடல்களிலிருந்து ஜீரோ நிறுவனம் கைப்பிடிச் சூடு, பார்க்கிங்குக்கான பின்னோக்கி நகரும் வசதி போன்றவற்றைப் பின்னாளில் பணம் கட்டித் திறந்துகொள்ளும்படி விற்றது. தேவையான பாகம் வண்டிக்குள் ஏற்கெனவே இருந்தது, அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, வாங்குபவருக்கு விஷயம் தெரியும்.

ஆனால் நாளை வரும் என்று சொல்பவர் நாளை இருப்பாரா என்பதும் ஒரு கேள்வி. எலெக்ட்ரிக் பைக் செய்த ஸ்வீடனின் கேக் (CAKE) நிறுவனம் 2024 பிப்ரவரியில் திவாலானது. மேலே சொன்ன எனர்ஜிகா, 2019 முதல் 2022 வரை உலக எலெக்ட்ரிக் பைக் பந்தயமான மோட்டோ-இ போட்டிக்கே வண்டி கொடுத்த நிறுவனம். அதுவும் 2024 அக்டோபரில் திவால். அப்படி ஒரு நாள் வந்தால் பாக்கி வைத்த வசதியை யாரிடம் போய்க் கேட்பது?

வாங்கப் போகிறவர்கள் சாவி கைக்கு வருவதற்கு முன் ஷோரூமிலேயே நின்று, ஃபாஸ்ட் சார்ஜிங் உண்டு என்றால் ஒரு ஃபாஸ்ட் சார்ஜரில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கிலோவாட் ஏறுகிறது என்று திரையில் உங்கள் கண்ணால் பாருங்கள். ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட், பேட்டரியின் சராசரி வோல்டேஜ் எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்றால் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். மோட்டாரின் சக்தியிலும் உச்ச சக்தி சில நொடிகளுக்கு மட்டும் கிடைப்பது, தொடர் சக்திதான் மேட்டில் உங்களைக் கொண்டுபோவது. இரண்டு எண்ணையும் கேளுங்கள். கார்னரிங் ஏபிஎஸ் என்றால் சாய்வுச் சென்சாரின் பாக எண்ணை பில்லோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த வசதி வண்டியில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே நூறு சதவீத வோல்டேஜ், ஒரு சார்ஜில் போன தூரம், மென்பொருள் பதிப்பு எண் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். புது அப்டேட் வந்தால், ஏற்கெனவே போட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சில நாள் பார்த்துவிட்டுப் போடுங்கள். பாதுகாப்புக்காக வாகனத்தைத் திரும்ப அழைத்துச் செய்யும் அப்டேட்டை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

விற்பனையாளரின் வாய்மொழி எதுவும் என்னிடம் பதிவாக இல்லை. விளம்பரத் தாள், பில், வோல்டேஜ் படங்கள், நண்பர் எடுத்த உட்புறப் படங்கள் ஆகியவற்றை வைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். ஆப் சேவைக்கான ஓராண்டுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு பதில் வந்தது. மறுத்துவிட்டேன். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது பழைய மாடலுக்கும் இதற்குமான விலை வித்தியாசத்தைத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அந்த வளைவுச் சின்னத்தை எல்லா வண்டிகளின் திரையிலிருந்தும் நீக்கச் சொல்லித் தனியாக இன்னொரு கடிதமும் அனுப்பினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. அதே மாடலை ஓட்டுபவர் யாராவது இதைப் படித்தால், டிஸ்ப்ளேயில் அந்தச் சின்னம் தெரிந்தாலும் ஈரமான வளைவில் பிரேக்கை மெதுவாகவே பிடியுங்கள்.