நானே முடிக்கவா, மேலே சொல்லவா?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பிள்ளைகள் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்கோ கோயம்புத்தூர் ஐடி வேலைகளுக்கோ விண்ணப்பித்தால், சில இடங்களில் ஆன்லைனில் சூழ்நிலைத் தேர்வும் வைக்கிறார்கள். ஒரு இக்கட்டைச் சொல்லி நான்கைந்து வழிகளைக் கொடுப்பார்கள். எது சிறந்தது, எது மோசம் என்று நாம் குறிக்க வேண்டும். இதற்கு இங்கே இரண்டு கட்சி.

முதல் கட்சி, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி தேர்வுக்கான பயிற்சிக்குப் போய்வந்த அண்ணன்மார். "எதுவானாலும் நானே இறங்கி முடிப்பேன்னு போடுடா" என்பார்கள். அந்தத் தேர்வில் 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகளுக்குச் சொந்தமாக எழுத வேண்டும். அங்கே அந்த வேகம் எடுபடும். கம்பெனித் தேர்வில் விடையை அந்த வேலை தெரிந்தவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பார்கள். வேகத்துக்குத் தனி மரியாதை கிடையாது. இரண்டாவது கட்சி, அரசுத் தேர்வு எழுதிப் பழகியவர்கள்: "மேலதிகாரியிடம் தெரிவிப்பேன்" என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே தொடுவார்கள்.

கஞ்சிக்கோட்டுக் கிடங்கு ஒன்றை வைத்துப் பார்ப்போம். லோடு கோயம்புத்தூர் போக வேண்டும். வண்டி பழுதாகி வேறு வண்டி வந்திருக்கிறது. சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லில் பழைய வண்டி எண். சூப்பர்வைசர் வெளியே, ஆனால் போனில் கிடைப்பார். வழிகள்: அப்படியே அனுப்புவது, பில்லில் வண்டி எண்ணைத் திருத்தி அவருக்குப் போனில் சொல்லிவிட்டு அனுப்புவது, அவர் வரும்வரை நிறுத்திவைப்பது, டிரான்ஸ்போர்ட்காரர்மேல் தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்புவது.

முதல் கட்சி துணிந்து அனுப்பிவிடும். எல்லையிலுள்ள வாளையார் தாண்டி வழியில் சோதனை வந்தால் சரக்கு முடங்கும். ஆகவே மோசமானது அதுதான். இரண்டாவது கட்சி நிறுத்திவைக்கும். தப்பில்லை, ஆனால் லோடு வீணாகத் தாமதமாகும். புகாரை மோசம் என்று குறிப்பவர்கள் நிறையப் பேர். அது பிரச்சினையைத் தீர்க்காது, அவ்வளவுதான், கேடு செய்யாது. நல்ல விடை இரண்டாவது வழி, இரு கட்சிக்கும் நடுவில். இது என் அதிகாரத்துக்குள் வருமா, தாமதித்தால் என்ன கெடும் என்ற இரண்டையும் கேட்டால் அது தானே தெரியும். ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால் புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு நான் இரண்டாவது கட்சியைத்தான் சொல்வேன், குறைவாகவே அடிபடும்.

அப்புறம், "மனசில் பட்டதைப் போடு" என்று ஒரு மூன்றாவது யோசனையும் உண்டு. கேள்வி "என்ன செய்ய வேண்டும்" என்று இருந்தால் அது உதவாது. அங்கே உங்கள் சுபாவத்தை யாரும் கேட்கவில்லை. "நீங்கள் என்ன செய்வீர்கள்" என்றால் சரி, அதற்கு இடமுண்டு. ஆய்வுகளிலும் முதல் வகை அறிவுத்திறனோடும் இரண்டாவது வகை குணத்தோடும் கூடுதலாக ஒத்துப்போகிறது.

ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக மதிப்புப் போடச் சொன்னால் அவற்றை வரிசைப்படுத்தாதீர்கள். இரண்டு வழிகளுக்கு ஒரே மதிப்பு வரலாம்.