வார்கிராஃப்ட்: முகம் மறைந்தவர்களே நடித்த படம்

வீடியோ கேம் ஒன்றைத் திரைப்படமாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வெளியானதும், எந்தக் கதாபாத்திரத்திற்கு எந்த நடிகர் பொருந்துவார் என்ற பட்டியல்கள் இணையமெங்கும் புறப்பட்டுவிடுகின்றன. விளையாட்டில் வரும் உருவத்தையும் நடிகரின் புகைப்படத்தையும் அருகருகே ஒட்டி, மூக்கும் தாடையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதோடு அவற்றில் பெரும்பாலானவை முடிந்துவிடும். இந்த அளவுகோல் எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்று சோதித்துப் பார்க்க 2016ஆம் ஆண்டு வெளிவந்த 'வார்கிராஃப்ட்' படத்தைவிடப் பொருத்தமான ஒன்று கிடைப்பது அரிது. அதில் பாதிப் பேர் தம் சொந்த முகத்தோடு நடித்திருக்கிறார்கள். மறுபாதிப் பேர் ஏற்ற முக்கிய வேடங்களில் அவர்களுடைய சொந்த முகத்தை நாம் ஒரு நொடிகூடப் பார்ப்பதில்லை. ஆகவே இந்த விமர்சனம் நடிகர் தேர்வை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. படத்தின் இசையையும் கதைப்பின்னலையும் பற்றிப் பலரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள்.

பிளிஸர்ட் நிறுவனம் 1994இல் வெளியிட்ட முதல் விளையாட்டின் கதைக்களமே படத்துக்கும் அடிப்படை. தம் உலகம் வறண்டு அழிந்துபோனதால், ஓர்க்குகள் என்னும் தந்தம் முளைத்த பேருருவ இனத்தவை மந்திர வாயில் வழியாக மனிதர்கள் வாழும் அஸெராத்துக்குள் படையெடுத்து வருகின்றன. இரு தரப்பிலும் நல்லவர்கள் உண்டு, இரு தரப்பிலும் துரோகிகள் உண்டு என்பதுதான் கதையின் முதுகெலும்பு. அப்படியானால் தராசின் இரு தட்டுகளிலும் சமமான எடையுள்ள நடிகர்கள் அமர வேண்டும். இயக்குநர் டங்கன் ஜோன்ஸ் பெரிய நட்சத்திரங்களைத் தேடிப் போகாமல், நல்ல நடிகர்கள் என்று பெயரெடுத்தவர்களையே பெரும்பாலும் திரட்டினார். அந்த முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்ததற்குக் காரணம் வேறு.

ஓர்க் தரப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். உறைபனி ஓநாய்க் குலத்தின் தலைவன் டூரோட்டானாக டோபி கெபெல் நடித்திருக்கிறார். சாம்பல் நிற உடுப்பு, முகமெங்கும் புள்ளிகள், முகத்துக்கு நேரே தொங்கும் சிறிய கேமரா ஆகியவற்றோடு அவர் நடித்ததை, இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் கலைஞர்கள் கணினியில் தந்தங்கள் முளைத்த ஒரு பேருருவமாக மாற்றினார்கள். இந்த மோஷன் கேப்சர் முறை அவருக்குப் புதிதன்று. 2014இல் வந்த குரங்குகளின் படமொன்றில் கோபா என்ற வஞ்சம் நிறைந்த குரங்காக அவர் ஏற்கெனவே நடித்திருந்தார். அந்த அனுபவத்தின் பயன் படத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கர்ப்பிணியான மனைவி டிராக்கா உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் டூரோட்டானின் முகம் திரையை நிறைக்கும்போது, அங்கே கவலையும் பெருமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போகின்றன. பெருந்தசைகளும் தந்தங்களும் உடைய ஓர் உருவத்திடமிருந்து இத்தகைய நிதானத்தை எதிர்பார்க்காத பார்வையாளர், அந்த ஒரு க்ளோஸப்பிலேயே ஓர்க்குகளின் பக்கம் போய்விடுகிறார்.

கெபெல் மட்டும் இப்படிச் செய்திருந்தால் தனிமனிதத் திறமை என்று விட்டுவிடலாம். ஆனால் ஓர்க் தரப்பில் ஏறக்குறைய எல்லோருமே சரியாக அமைந்திருக்கிறார்கள். ஓர்க் படைத்தலைவன் பிளாக்ஹேண்ட் வேடத்துக்கு கிளான்சி பிரவுனைத் தேர்ந்தெடுத்தவர் காதால் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அடித்தொண்டையிலிருந்து உருண்டுவரும் அந்தக் குரலுக்கு ஏற்றபடிதான் அந்த உடலையே செதுக்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சூனியக்காரன் குல்டானாக வரும் டேனியல் வூ ஹாங்காங் படங்களில் புகழ்பெற்றவர், தற்காப்புக் கலை பயின்றவர். முதுகு வளைந்து கோலூன்றி நடக்கும் கிழவனாக அவர் படம் முழுக்க வலம் வந்துவிட்டு, டூரோட்டானுடனான இறுதிச் சண்டைக்காகப் போர்வையைக் களையும்போது, அத்தனை நேரமும் அந்தக் கூனுக்குள் ஒரு மல்லன் ஒளிந்திருந்தான் என்பது நமக்கு உறைக்கிறது. உடலைப் பழக்கியவரால் மட்டுமே உடலை இவ்வளவு நேரம் மறைத்து வைத்திருக்க முடியும். ஓர்க்குகளின் அசைவுகளைப் பயிற்றுவித்த டெர்ரி நோட்டரியும் சும்மா இருக்கவில்லை. குரோமாஷ் என்ற சிறு வேடத்தில் தானே நடித்துவிட்டார். எல்லோரும் ஒரே பள்ளியில் நடை பழகியவர்கள்போல் தோள்களை முன்தள்ளி, எடையைப் பாதத்தில் இறக்கி நடப்பதால், இவர்கள் ஓர் இனம் என்பதை விளக்க வசனமே தேவைப்படவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, இவர்களில் ஒருவரைக்கூட முகச்சாயலுக்காகத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது என்பது. முகத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற நிலையில், குரல், நடை, பார்வை, மூச்சு ஆகியவை மட்டுமே தேர்வாளர் முன் இருந்தன. அந்தக் கட்டாயமே இவர்களுக்கு வரமாக அமைந்துவிட்டது.

மனிதர்களின் பக்கம் வந்தால் நிலைமை தலைகீழாகிறது. அரசர் லேனாக டொமினிக் கூப்பர், படைத்தலைவர் லோதாராக டிராவிஸ் ஃபிம்மெல், நாட்டைக் காக்கும் மந்திரவாதி மெடிவாக பென் ஃபாஸ்டர் ஆகியோர் நடித்திருக்கிறார்கள். மூவரும் இளமை முதலே தோழர்கள் என்பது கதை. மூன்று நடிகர்களும் 1978க்கும் 1980க்கும் இடையில் பிறந்தவர்கள் என்பதால் காகிதத்தில் இந்தக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. திரையிலோ மூவரும் மூன்று வெவ்வேறு படங்களிலிருந்து வந்தவர்கள்போல் நிற்கிறார்கள். கூப்பர் மேடை நாடக அரசரைப்போல் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி உச்சரிக்கிறார்; ஃபிம்மெல் வைக்கிங் தொடரில் ரக்னராக நடித்தபோது பழகிய ஓரப்பார்வையையும் பாதிச் சிரிப்பையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்; எதையும் தாங்கும் நடிகரான ஃபாஸ்டர் ஏனோ வெளியே வர மறுத்து முணுமுணுக்கிறார். தனித்தனியே மூன்றையும் நியாயப்படுத்தலாம். ஆனால் ஒருவரையொருவர் முப்பது ஆண்டுகளாக அறிந்தவர்களுக்கு இடையே இருக்க வேண்டிய சலுகையும் கேலியும் எந்தக் காட்சியிலும் வரவில்லை. நடிகர்களைத் தனித்தனியே தேர்ந்தெடுத்தால் போதாது, அவர்களைச் சேர்த்து நிற்கவைத்தும் பார்க்க வேண்டும் என்ற அடிப்படைக் கடமை இங்கே தவறிவிட்டது.

வயது விஷயத்தில் இன்னும் விநோதங்கள் உண்டு. லோதாரின் மகன் காலனாக வரும் பர்க்லி டஃபீல்டு, அப்பாவாக வரும் ஃபிம்மெல்லைவிடப் பதின்மூன்று வயதுதான் இளையவர். அதுகூடப் போகட்டும், பாதி ஓர்க் பெண்ணான காரோனாவுக்கு மெடிவ் தந்தையாக இருக்கலாம் என்று படம் மறைமுகமாகச் சொல்கிறது, ஆனால் அவளாக நடித்த பவுலா பாட்டன் ஃபாஸ்டரைவிட ஏறத்தாழ ஐந்து வயது மூத்தவர். மந்திரவாதிக்கு வயது ஒரு பொருட்டல்ல என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பார்வையாளரின் கண் அந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை.

இரு தரப்பும் நேருக்குநேர் சந்திக்கும் பள்ளத்தாக்குக் காட்சியில் இந்த ஏற்றத்தாழ்வு முழுமையாக வெளிப்படுகிறது. குல்டானின் மந்திரம் தன் இனத்தையே அழித்துவிடும் என்று உணர்ந்த டூரோட்டான், மனித அரசனிடம் உதவி கேட்டு வருகிறான். காரோனா மொழிபெயர்க்கிறாள். ஓர்க்குகள் தமக்குள் பேசும்போது நமக்குப் புரியும் மொழியிலும், மனிதர்களின் காதுவழியே கேட்கும்போது ஓர்க் மொழியிலும் பேசுவதாகப் படம் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஆகவே இந்தக் காட்சியில் கெபெல்லின் வசனம் நமக்கு வெறும் உறுமலாகத்தான் வந்து சேர்கிறது. இருந்தும், எதிரியிடம் கையேந்த நேர்ந்த ஒரு தலைவனின் மானமும் அவசரமும் அந்த உறுமலிலேயே இருக்கின்றன. சிறிது நேரத்தில் பிளாக்ஹேண்டின் ஆட்கள் பாய்கிறார்கள். மெடிவ் மின்னல் சுவர் ஒன்றை எழுப்புகிறார். சுவரின் மறுபுறம் சிக்கிக்கொண்ட காலன், தந்தையின் கண்முன்னே கொல்லப்படுகிறான். படத்தின் மிகப் பெரிய துயரம் இதுதான் என்று திரைக்கதை தீர்மானித்திருக்கிறது. ஆனால் அண்ணன் தம்பிபோல் தோன்றும் இருவருக்கிடையே தந்தை மகன் பாசத்தை நாம் அதுவரை நம்பியிருந்தால்தானே அந்தச் சாவு நம்மைத் தாக்கும்? சொல்லே புரியாத உறுமலுக்கு இளகிய மனம், அழுகைக்கு இளகவில்லை.

மனிதத் தரப்பில் விதிவிலக்கு இளம் மந்திரவாதி கட்காராக வரும் பென் ஷ்னெட்சர். இந்த வரிசையின் இணைய விளையாட்டான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடியவர்களுக்கு கட்கார் என்றாலே நரைத்த தலைதான் நினைவுக்கு வரும். சாயல் அளவுகோலின்படி இவர் தோற்றிருக்க வேண்டும். அரைகுறைப் படிப்பும் அளவுக்கு மீறிய ஆர்வமும் கொண்ட பையனின் தயக்கத்தை அவர் பிடித்துவிட்டதால், விளையாட்டில் நாம் அறிந்த கிழவனின் இளமைப் பருவம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒப்புக்கொள்ள முடிகிறது.

பவுலா பாட்டனின் நிலைதான் பரிதாபமானது. ஓர்க் ரத்தம் கொண்ட முக்கியக் கதாபாத்திரங்களில் அவர் மட்டுமே கணினி உதவியின்றி, பச்சை நிற ஒப்பனையோடும் பொருத்திய சிறு தந்தங்களோடும் நடித்திருக்கிறார். இரு இனத்துக்கும் நடுவே நிற்பவள் என்ற கதாபாத்திரத்துக்கு அது ஒருவகையில் பொருந்தும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் தோலின் சுருக்கமும் வியர்வையும் தெரியும் பேருருவங்களின் அருகே ஒப்பனை ஒப்பனையாகவே தெரிகிறது. பற்களைச் சமாளித்துக்கொண்டே வசனம் பேச வேண்டியிருந்ததால், அவரது உச்சரிப்பிலும் ஒரு தடை விழுந்துவிட்டது. லோதார் மீதான காதல் ஒட்டவில்லை என்று அவரைக் குறை கூறியவர்கள், அவருக்குக் கொடுக்கப்பட்ட கருவிகளைக் கவனித்திருக்கலாம்.

வசூலைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் படம் 5 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. உலக அளவில் 43 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதில் ஏறத்தாழப் பாதி சீனாவிலிருந்து வந்தது. சீன ரசிகர்களுக்காகவே டேனியல் வூவைச் சேர்த்தார்கள் என்று சிலர் பேசியதுண்டு. முகமே தெரியாத வேடத்தில் ஒருவரை வைத்து எந்தச் சந்தையைப் பிடிக்க முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை. அந்த விளையாட்டுக்கு அங்கே இருந்த பெருங்கூட்டமே போதுமான விளக்கம்.

நடிகர் அந்த விளையாட்டின் ரசிகராக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அடிக்கடி எழுகிறது. இந்தப் படத்தில் ஓர்கிரிம் என்ற ஓர்க்காக நடித்த ராப் கஸின்ஸ்கி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஊறியவர். தி விட்சர் தொடரில் கெரால்ட்டாக நடித்த ஹென்றி கேவில் அதே பெயரில் வந்த விளையாட்டுகளை ஆடித் தீர்த்தவர். இருவரும் நன்றாகவே நடித்தார்கள். ஆனால் கேவில் நிலைத்ததற்குக் காரணம், விளையாட்டில் டக் காக்கில் கொடுத்த கரகரத்த குரலின் எடையைத் தன் குரலில் ஏற்றிக்கொண்டதும், வாள் வீச்சில் காட்டிய சிக்கனமும்தான். 2025இல் நான்காம் பருவத்தில் லியம் ஹெம்ஸ்வொர்த் அதே வெண்முடியோடு அந்த இடத்துக்கு வந்தபோது, முடியை மாற்றிக்கொடுப்பது எளிது, குரலை மாற்றிக்கொடுப்பது எளிதன்று என்பது தெரிந்தது.

அடுத்து வரவிருக்கும் பெரிய சோதனை, நின்டெண்டோ விளையாட்டைப் படமாக்கும் 'லெஜண்ட் ஆஃப் செல்டா'. நாயகன் லிங்க்காக பெஞ்சமின் எவன் ஐன்ஸ்வொர்த்தும் இளவரசி செல்டாவாக போ பிராகசனும் நடிப்பதாக 2025 ஜூலையில் அந்த விளையாட்டை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ அறிவித்தபோது, காதுகளைப் பற்றியும் முடியின் நிறத்தைப் பற்றியும்தான் விவாதம் நடந்தது. விளையாட்டுகளில் லிங்க் கத்துவானே தவிரப் பேசுவது அரிது. அவனாக நடிக்க வருபவரோ 2022ஆம் ஆண்டுப் படத்தில் மரப்பாவை பினோக்கியோவுக்குக் குரல் கொடுத்தவர், அதாவது குரலை மட்டும் வைத்து ஒரு வேடத்தைத் தாங்கியவர். இப்போது அவர் குரலை ஒதுக்கிவைத்துக் கண்ணாலும் காலாலும் தாங்க வேண்டியிருக்கலாம். இயக்குநர் வெஸ் பால் 2024இல் குரங்குகளின் படமொன்றை மோஷன் கேப்சர் முறையில் எடுத்தவர் என்பதால், உடலைப் பார்த்து நடிகரைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவராகவே இருப்பார் என்று நம்புகிறேன்.

வார்கிராஃப்ட் 123 நிமிடப் படம். விளையாட்டை ஆடாதவர்களுக்கு முதல் அரைமணி நேரம் பெயர்களின் நெரிசலாக இருக்கும். ஆடியவர்களுக்கு மனித அரண்மனைக் காட்சிகள் சோர்வூட்டும். இருவருக்குமே ஓர்க்குகளுக்காக இதைப் பரிந்துரைப்பேன். டூரோட்டானின் குழந்தை பிற்காலத்தில் திரால் என்ற பெருந்தலைவனாக வளர்வதே தொடர்கதை. இரண்டாம் பாகம் எடுக்கப்படாததால் அந்த வேடத்துக்கு ஆள் தேடும் வேலை எழவேயில்லை. மனிதர்களிடம் வளர்ந்து மனித மொழி பேசும் ஓர் ஓர்க்குக்கு யாரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்பதைத்தான், இந்தப் படத்தின் மற்ற எல்லாக் குறைகளையும்விட, நான் அறிய விரும்பியிருப்பேன்.